காம்தண்டுக் கூடு மாற்றலும் கசிவு தடுத்தலும்

தமிழ் படிப்பிக்கும் ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புகுவதை ஒக்கும். பொறியியலாளர் பலரை இந்நாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் அளித்த கல்லூரி இது. அவர்கள் கையிலும் இம்மலர் சேரும் என்பதை அறிந்தே எழுதுகின்றேன். மலர்க் குழுவினர் என்னிடம் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையொன்றையே. ஆயினும், மாணவர் படித்துப் பயன்கொள்ளத்தக்க தொழில் விடயங்களைத் தமிழிலே எழுதுவார் அருகிவிட்டனர் என்று அவர்களுள் ஒருவர் குறைபட்டுக்கொண்டமை என் நெஞ்சில் நின்றது. ஆதலின் யான் கண்ணாற் கண்டு, கையாற் செய்து, பிழையும் விட்டு அறிந்துகொண்ட கருமம் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொண்டேன்.

என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார் ஓட்டியவர். 1990ஆம் ஆண்டின் பின்னர்ப் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதாகிவிட, எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தை நம் பழைய மாணவர் எவரும் மறந்திரார். சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளையின் சுவர் வழியே இறங்கி, அடியிலே நிற்கும் மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் தாங்கிகளைக் காக்கமாட்டாது, அவை தேயும். ஆதலால் எஞ்சினை அடிக்கடி கழற்றிப் பூட்ட நேர்ந்தது. அவ்வேளைகளில் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலையாயிருந்தது.

இரண்டு உலோகப் பரப்புக்கள் பொருந்துமிடத்தில் எண்ணெய் கசியாதபடி இடையில் வைக்கும் மெல்லிய மட்டையைக் 'காஸ்கெற்' என்பர். அக்காலத்தில் அது கடையிற் கிடைப்பதில்லை. தந்தையார் தடித்த மட்டைக் கடதாசியை உறுப்பின்மேல் வைத்து, சுத்தியலால் விளிம்பு வழியே மெல்லத் தட்டித் தட்டி வெட்டியெடுப்பார். அப்போது அவர் எனக்குச் சொல்லும் விதி ஒன்றுண்டு: "தம்பி, முதல்ல ஓட்டையை வெட்டு; பிறகு ஓரத்தை வெட்டு." மட்டை நகராமலிருப்பதற்கான உபாயமென்றே அதனை நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அதன் முழுப் பொருளையும் 2019ஆம் ஆண்டிலே, கனடாவில், என் வகுப்புத் தோழர் ஒருவரின் கராச்சிலேதான் உணர்ந்தேன்.

காம்தண்டுக் கூடு யாது?

எஞ்சினின் ஒவ்வோர் உருளைக்கும் காற்றும் எரிபொருளும் உட்புகுவதற்கு ஒரு வாயிலும், எரிந்த புகை வெளியேறுவதற்கு ஒரு வாயிலும் உண்டு. அவற்றை அடைத்தும் திறந்தும் நிற்பன வால்வுகள். உரிய நேரத்தில் அவற்றை அமுக்கித் திறப்பது, முட்டைவடிவப் புடைப்புக்களையுடைய ஒரு நீண்ட தண்டு. திருத்துநர் 'காம்சாப்ற்' என வழங்கும் அதனை ஈண்டுக் காம்தண்டு என்போம்.

எங்கள் ஏ40 காரிலும், மொறிஸ் மைனர் காரில் 1952ஆம் ஆண்டு முதல் வந்த எஞ்சினிலும், காம்தண்டு எஞ்சின் உடலின் உள்ளே தாழ்வாகக் கிடக்கும். அது நீண்ட கோல்களை மேலே தள்ளும். கோல்கள் நெம்புகளை அசைக்கும். நெம்புகள் வால்வுகளை அமுக்கும். எளிய அமைப்பு, நெடுநாள் உழைப்பது. ஆயினும், எஞ்சின் விரைந்து சுழலும்போது கோலும் நெம்பும் தம் பாரத்தாற் பின்தங்கும். இக்குறையை நீக்குவதற்குக் காம்தண்டை உருளைத்தலையின் உச்சியிலேயே வைத்தனர். சில எஞ்சின்களில் அத்தண்டு, உருளைத்தலைமேற் பூட்டப்படும் தனி உறையொன்றினுள் சுழலும். அவ்வுறையே காம்தண்டுக் கூடு ஆகும். அதன் சிறந்த உதாரணம் இத்தாலிய பியற் நிறுவனத்தின் இரட்டைக் காம்தண்டு எஞ்சின். என் தோழரின் காரில் இருந்ததும் அதுவே.

இவ்வெஞ்சினை ஆக்கியவர் ஒரேலியோ லம்பிறெடி. 1952, 1953ஆம் ஆண்டுகளில் அல்பேற்றோ அஸ்காறிக்கு உலக வெற்றிப் பட்டத்தை ஈட்டித்தந்த பெறாறி ஓட்டப்பந்தயக் காரின் எஞ்சின் அவர் கைவண்ணமே. 1955ஆம் ஆண்டிற் பியற் நிறுவனத்தை அடைந்த அவர், பந்தயக் கார்களுக்கும் செல்வர்களுக்கும் உரியதாயிருந்த இரட்டைக் காம்தண்டு முறையை நடுத்தர மக்கள் வாங்கும் காருக்குக் கொணர்ந்தார். 1966ஆம் ஆண்டிலே பியற் 124 ஸ்போற் ஸ்பைடர் என்னும் திறந்த கார் 1438 கன சென்றிமீற்றர் எஞ்சினுடன் வெளிவந்தது. பின்னர் அது 1608, 1592, 1756, 1995 எனப் பல அளவுகளைப் பெற்று, 1985ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயிற்று. காம்தண்டுகளைச் சுழற்றுவதற்குச் சங்கிலிக்குப் பதிலாகப் பற்களையுடைய இறப்பர் வார் ஒன்றை லம்பிறெடி பயன்படுத்தினார்.

இவ்வெஞ்சினின் உடல் வார்ப்பிரும்பாலும் உருளைத்தலை அலுமினியத்தாலும் ஆயவை. தலையின்மேல் இருபுறமும் இரண்டு அலுமினியக் கூடுகள் உண்டு. ஒன்று காற்று உட்புகும் பக்கத்திற்கு, மற்றையது புகை வெளியேறும் பக்கத்திற்கு. ஒவ்வொரு கூட்டினுள்ளும் ஒரு காம்தண்டு மூன்று தாங்கித் துளைகளிற் சுழலும். வார் பூட்டப்படும் முன்புறத் துளை ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் விட்டமுடையது. மற்றைய இரண்டும் ஏறத்தாழ 46 மில்லிமீற்றர். பின்புறத்தது நடுவிலுள்ளதினும் சற்றே பெரிது. இவ்வாறு படிப்படியாகப் பெருத்துச் செல்வதால், பின்மூடியைக் கழற்றித் தண்டைப் பின்புறமாக உருவியெடுக்க முடிகின்றது. வால்வின் தலையிற் கவிழ்ந்திருக்கும் கிண்ணங்களும் கூட்டிலுள்ள துளைகளிலேயே ஏறியிறங்கும். ஒவ்வொரு கிண்ணத்தின் உச்சியிலும் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதன்மேலே காம்தண்டின் புடைப்பு உருளும்.

ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்க. தாங்கித் துளைகளில் வேறு உலோகத்தாலாய உள்ளுறை எதுவும் இல்லை. இரும்புத் தண்டு நேரே அலுமினியத்திற் சுழல்கின்றது. அவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது எண்ணெய்ப் படலம் மாத்திரமே. அவ்வெண்ணெய் உருளைத்தலையிலிருந்து ஒரு சிறு துளை வழியாக, காஸ்கெற்றிலுள்ள துளையையும் கடந்து, கூட்டினுள் ஏறுகின்றது.

தோழரின் முதல் முயற்சி

என் தோழர் வாங்கிய கார் 1756 கன சென்றிமீற்றர் எஞ்சினையுடையது. பல ஆண்டுகள் ஓடாமற் கிடந்தது. கழற்றிப் பார்த்தபோது புகை வெளியேறும் பக்கக் கூட்டின் தாங்கிகளிற் கீறல்கள் ஆழமாய் விழுந்திருந்தன. உள்ளுறை மாற்ற வழியின்மையாற் கூட்டையே மாற்றவேண்டியதாயிற்று. பழைய உறுப்புக்கள் விற்கும் ஓரிடத்திலிருந்து வேறொரு கூட்டை வாங்கினார்; 2018ஆம் ஆண்டுக் கோடையிற் பூட்டினார். முன்பு அக்கார் நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டியது. இனி ஒரு துளியும் சொட்டலாகாது என்னும் உறுதியுடன், காஸ்கெற்றின் இருபுறமும் சிலிக்கோன் பசையைத் தடிப்பாகப் பூசினார்.

எண்ணெய் சொட்டவில்லை. சில நாள் ஓடியபின் ஒரு மாலையில் எஞ்சின் பெருஞ்சத்தத்துடன் நின்றது. முன்தாங்கியிற் காம்தண்டு இறுகிவிட்டது. வாரின் பற்கள் அறுந்தன. திறந்தபடி நின்ற வால்வுகளில் முசலங்கள் மோதி அவற்றை வளைத்துவிட்டன. கூட்டைக் கழற்றியபோது காரணம் வெளிப்பட்டது. இறுக்கும்போது பிதுங்கிய பசை உள்ளேயும் நூல்போல் நீண்டிருந்தது. அந்நூலின் ஒரு துண்டு அறுந்து எண்ணெய்த் துளையை அடைத்திருந்தது. "மச்சான், வெளியில வாற எண்ணெயை மறிச்சன், உள்ள போறதையும் மறிச்சுப்போட்டன்" என்று அவர் எனக்குத் தொலைபேசியிற் சொன்னார். ஓராண்டுச் சேமிப்பு அதனோடு போயிற்று.

மறு ஆண்டு ஓகத்து விடுமுறையில் யான் அவர் இல்லத்திற் சென்று தங்கியபோது இரண்டாவது முயற்சி தொடங்கியது. விளக்குப் பிடித்தலும், கழுவித் துடைத்தலும், அளவுகளைக் கொப்பியில் எழுதிவைத்தலும் என் பங்காயின. ஆண்டு முப்பது சென்றபின்னரும் எனக்குப் பதவியுயர்வு கிடைத்ததில்லை என்று இருவரும் சிரித்துக்கொண்டோம். நிற்க.

மாற்றுக் கூட்டை ஆராய்தல்

பழைய கூடு ஒன்று கைக்கு வந்தவுடன் அதனைப் பூட்டிவிடலாகாது. முதலாவதாக, அது அவ்வெஞ்சினுக்கு உரியதுதானா எனப் பார்த்தல் வேண்டும். பியற் இரட்டைக் காம்தண்டு எஞ்சின்கள் ஒரே குடும்பத்தவை. அவற்றின் கூடுகள் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. ஆயினும் பொறியைப் பகிர்ந்தளிக்கும் 'டிஸ்ரிபியூற்றர்' சில எஞ்சின்களிற் கூட்டின்மீதும், சிலவற்றில் எஞ்சின் உடலிலும் அமைந்திருக்கும். முன்னையதற்குரிய கூட்டில் அதற்கான துளையும், தண்டில் அதனைச் சுழற்றும் பல்லும் இருக்கவேண்டும். இவற்றைப் பாராது வாங்குவோர் பணத்தை இழப்பர்.

இரண்டாவதாக, தாங்கியை அளத்தல் வேண்டும். நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் உயர்தர மாணவர் கையாளும் நுண்மானித் திருகுக் கணிச்சி ஈண்டுப் பயன்படுகின்றது. தண்டின் விட்டத்தை நேரே அளக்கலாம். துளையை அளப்பதற்கு, உள்ளே வைத்து விரிக்கக்கூடிய அளவுகோலைத் துளையளவிற்கு விரித்துப் பூட்டி, வெளியே எடுத்துக் கணிச்சியால் அளக்கவேண்டும். இரண்டுக்குமுள்ள வித்தியாசமே எண்ணெய்க்குரிய இடம். ஏறத்தாழ 0.03 முதல் 0.07 மில்லிமீற்றர் வரை இருப்பது நன்று. ஒரு துளையை மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அளக்கவேண்டும். தேய்ந்த துளை வட்டமாயிராது.

இவ்வளவு சிறிய இடைவெளி போதுமா என மாணவர் வினாவுதல் கூடும். வெப்பவிரிவைப் படித்தோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு ஏறினால் அலுமினியம் தன் நீளத்தில் மில்லியனில் ஏறத்தாழ 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ 11 பங்கே விரியும். எஞ்சின் 70 பாகை சூடேறினால், 46 மில்லிமீற்றர்த் துளை அதனுட் சுழலும் தண்டினும் ஏறத்தாழ 0.04 மில்லிமீற்றர் மேலதிகமாக விரிந்துவிடும். குளிர்ந்திருக்கையில் நெருக்கமாயிருப்பது, சூடேறியபின் தளர்ந்து தருகின்றது. குளிரிலேயே தளர்ந்திருக்கும் தாங்கியோ, சூட்டில் எண்ணெயைத் தேக்கிவைக்கமாட்டாது பெருக விட்டுவிடும், அழுத்தம் குன்றும்.

மூன்றாவதாக, கூடு வளைந்துளதா என நோக்கவேண்டும். நேர்விளிம்புள்ள உருக்குச் சட்டத்தை அடிப்பரப்பின்மேல் நீளவாட்டிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அளவுத்தகடு எங்கேனும் நுழைகின்றதா எனப் பார்ப்பர். 0.05 மில்லிமீற்றர்த் தகடு எளிதில் நுழையுமாயின் அப்பரப்பு சரியன்று. தடித்த கண்ணாடிப் பலகைமேல் நுண்ணிய உரைதாளை ஒட்டிப் பரப்பைத் தேய்த்துச் சமமாக்குவோர் உளர். அவ்வாறு செய்வோர் இரண்டை மறத்தலாகாது. ஒன்று, தேய்த்த தூள் ஒரு துகளேனும் எண்ணெய் வழியிற் கிடப்பின் அதுவே தாங்கியை அராவிவிடும். மற்றையது, தேய்ந்த அளவுக்குக் காம்தண்டு கீழிறங்கி வால்வை நெருங்கும்.

இத்தனைக்கும் மேலாக ஒரு சோதனை உண்டு. அது செலவற்றது, எந்த அளவுகோலினும் நம்பத்தக்கது. கிண்ணங்களை இடாமல், காம்தண்டை மாத்திரம் கூட்டினுட் செலுத்தி, கூட்டை உருளைத்தலைமேல் உரிய காஸ்கெற்றுடன் வைத்து, சுரைகளை முழுதும் இறுக்குக. பின்னர் தண்டை இரு விரல்களாற் சுழற்றுக. இறுக்குவதற்கு முன் எவ்வளவு இலேசாகச் சுழன்றதோ அவ்வளவு இலேசாகவே பின்னும் சுழலவேண்டும். இறுக்கியபின் கனத்தால், வளைந்த கூட்டைச் சுரைகள் பிடித்து நெரிக்கின்றன என்பது தெளிவு. தோழர் முதன்முறை இச்சோதனையைச் செய்யவில்லை. இரண்டாம்முறை வாங்கிய கூடு இதிலே தேறியது.

பரப்பைத் துப்புரவாக்கல்

கசிவைத் தடுப்பது பசை என்றே பலரும் எண்ணுவர். உண்மையிற் கசிவைத் தடுப்பது பரப்பு. இரு பரப்புக்களும் சமமாயும் துப்புரவாயும் இருப்பின் மெல்லிய காஸ்கெற் ஒன்றே போதும். அவை கோணலாயின் எத்துணைப் பசையும் நில்லாது.

பழைய காஸ்கெற்றைச் சுரண்டுவதற்கு இரும்பு உளியை எடுத்தலாகாது. அலுமினியம் மெதுவான உலோகம். ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால். வைரமான மரத்துண்டைச் சாய்வாகச் சீவி யாங்கள் சுரண்டினோம். உலராது ஒட்டியிருந்தவற்றை இளக்கும் திராவகமிட்டுக் கழுவினோம். சுழலும் உரைதட்டைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை, மரத்தால் இரண்டு மாலை எடுத்தது. எனினும் அவ்விரைவில் உதிரும் மணற்றுகள்கள் தாங்கிகளுக்கு நஞ்சு.

பின்னர் எண்ணெய் வழிகள். ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியைச் செலுத்தி, கழுவு திராவகத்தைப் பாய்ச்சி, அமுக்கிய காற்றை ஊதி, மறுபுறம் வெளிவருகின்றதா என விரலை வைத்துப் பார்த்தோம். எந்தத் துளை எங்கே திறக்கின்றது என்று யான் கொப்பியிற் படம் கீறிக்கொண்டேன். புதிய காஸ்கெற்றைக் கூட்டின்மேல் வைத்து விளக்குக்கு நேரே பிடித்து, துளையும் துளையும் ஒத்து ஒளி தெரிகின்றதா எனப் பார்த்தோம். காஸ்கெற்றைத் தலைகீழாக வைத்தவருக்கும், துளை வெட்டப்படாத காஸ்கெற் வாய்த்தவருக்கும் தோழருக்கு நேர்ந்த கதியே நேரும். விளக்கைப் பிடித்திருந்த எனக்கு அந்நேரத்திலே தந்தையாரின் சொல் நினைவுக்கு வந்தது. முதலில் ஓட்டை, பிறகு ஓரம். எண்ணெய் போகவேண்டிய வழியைத் திறந்துவைத்த பின்னரே, போகக்கூடாத வழியை அடைக்கவேண்டும்.

பசைகளின் இயல்பு

பசைகள் பலவாயினும் ஈண்டு இரண்டை அறிதல் போதும். ஒன்று சிலிக்கோன் பசை. அது காற்றிலுள்ள ஈரப்பதனை ஏற்று உறைந்து இறப்பர்போல் ஆகும். அதில் ஒருவகை உறையும்போது புளிக்காடி மணம் வீசும், அது அசற்றிக்கமிலத்தின் மணம், உலோகத்தை அரிக்கக்கூடியது. சிலிக்கோன், பெரிய இடைவெளிகளை நிரப்பவல்லது. மெல்லிய தகட்டு மூடிகளுக்கும் மூலைகளுக்கும் ஏற்றது. ஆனால் பிதுங்கிய பகுதி வெளியிற் போலவே உள்ளும் உறைந்து தொங்கும். வெளியிலுள்ளதை நாம் கண்டு துடைப்போம். உள்ளுள்ளதைக் காண்பார் யார்?

மற்றையது காற்றில்லாவிடத்து உறையும் பசை. அமெரிக்காவிலே ஹாற்போட் நகரத் திரினிற்றிக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் வேணன் கிரீபிள் 1953ஆம் ஆண்டிலே அதனை ஆக்கினார். 'லொக்ரைற்' என்னும் பெயரால் அது உலகெங்கும் பரவியது. காற்றுப் படும்வரை அது திரவமாகவே நிற்கும். இரண்டு உலோகப் பரப்புக்களிடையே காற்றின்றி நெருக்குண்டபோது மாத்திரமே உறையும். ஆகவே உள்ளே பிதுங்கியது உறையாமல் எண்ணெயோடு கலந்து போய்விடும். நூலாகித் துளையை அடைக்காது. ஆனால் அது உலோகத்தோடு உலோகம் நெருங்கிப் பொருந்தும் இடத்திற்கே உரியது. பெரிய இடைவெளியையும் கோணற் பரப்பையும் அது காப்பாற்றாது.

பியற் எஞ்சினிற் கூட்டுக்கும் தலைக்கும் இடையில் காஸ்கெற் வைப்பதே முறை. பரப்பு நன்றாயின் பசை வேண்டுவதில்லை. யாங்கள் பசையின்றியே பூட்டினோம். முன்புறத்தில் தண்டு வெளிவரும் இடத்திலுள்ள இறப்பர் வளையத்தைப் புதிதாக இட்டு, அதன் உதட்டில் எண்ணெய் தடவினோம். பின்மூடிக்கும் புதிய காஸ்கெற் இட்டோம். பழைய வளையத்தை மிச்சம்பிடிப்பது, கூரையை மேய்ந்துவிட்டு முகட்டை விடுவது போலாம்.

பூட்டலும் இடைவெளி நோக்கலும்

கிண்ணங்களை இட்டபின் கூட்டை வைக்கும்போது, தண்டின் சில புடைப்புக்கள் சில வால்வுகளை அமுக்கிக்கொண்டே இருக்கும். அவ்வால்வுகளின் சுருள்வில்கள் கூட்டை ஒருபுறம் தூக்கும். ஒரு மூலையை மாத்திரம் இறுக்கினாற் கூடு வெடித்துவிடும். ஆகவே நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும், ஒவ்வொரு சுரையையும் அரைச்சுற்று வீதம், கூடு சமமாகத் தாழும்படி இறுக்கவேண்டும். இறுதி இறுக்கம் முறுக்கத்தைக் காட்டும் சாவியாலே, அவ்வெஞ்சினுக்குரிய கைந்நூல் கூறும் அளவுக்கே இருக்கவேண்டும். இதற்குமுன் கிராங்தண்டைத் திருப்பி நான்கு முசலங்களையும் உருளையின் நடுப்பகுதியிலே நிறுத்திவிடுதல் இன்றியமையாதது. அன்றேல் தாழும் வால்வு முசலத்தின் தலையிற் படும்.

கூடு மாறியவுடன் வால்வு இடைவெளியும் மாறும். வால்வு இருப்பது உருளைத்தலையில். அதனை அமுக்கும் தண்டு இருப்பது கூட்டில். இரண்டுக்கும் இடையிற் காஸ்கெற். புதிய காஸ்கெற் பழையதினும் 0.1 மில்லிமீற்றர் மெல்லியதாயின் இடைவெளியும் 0.1 மில்லிமீற்றர் குறையும். இவ்வெஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் உட்புகு வால்வுக்கு 0.45 மில்லிமீற்றரும், வெளியேற்று வால்வுக்கு 0.50 மில்லிமீற்றரும் வேண்டும். இடைவெளி மிகுந்தாற் சத்தம் எழும்; குறைந்தால் யாதொரு சத்தமும் எழாது. ஆனால் குறைந்தபோதே கேடு பெரிது. சூட்டில் நீளும் வால்வு முற்றாக மூடாமல், தழலின் வாயில் நின்று விளிம்பு கருகும். சத்தமிடும் பிழையினும் சத்தமிடாப் பிழை பொல்லாதது என்பதை ஆசிரியர் எல்லாரும் அறிவர்.

இடைவெளியைத் திருத்துவது கிண்ணத்தின் உச்சியிலுள்ள தகட்டை மாற்றுவதாலாகும். அத்தகடுகள் 0.05 மில்லிமீற்றர் வித்தியாசத்திற் பல தடிப்புக்களிற் கிடைக்கும். காம்தண்டைக் கழற்றாமலே, கிண்ணத்தைக் கருவியொன்றால் தாழ்த்திப் பிடித்துத் தகட்டை உருவலாம் என்பது லம்பிறெடியின் அமைப்பிலுள்ள பெருஞ்சிறப்பு.

ஈண்டே யான் பிழைவிட்டேன். எட்டுத் தகடுகளையும் அளந்து, எவ்வெவ் வால்வுக்கு உரியவை என மையால் எழுதி, வரிசையாக அடுக்கித் தந்திருந்தார் தோழர். துப்புரவில் மிகுந்த ஆர்வமுற்ற யான், அவற்றைக் கழுவு திராவகத்தில் இட்டு நன்றாகத் துடைத்து வைத்தேன். துடைத்த துணியிலே இலக்கங்கள் எல்லாம் ஏறியிருந்தன. வினைத்தாளின் பெயர்களை அழித்துவிட்டுப் புள்ளிகளை மாத்திரம் வைத்திருக்கும் ஆசிரியனின் நிலை எனக்கு. தோழர் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் எட்டையும் மறுபடி அளந்தோம். அப்போது, முன்பு அவர் அளந்தவற்றுள் ஒன்று 0.1 மில்லிமீற்றர் தவறாக எழுதப்பட்டிருந்தமை கொப்பியால் தெரியவந்தது. அது வெளியேற்று வால்வொன்றின் தகடு. என் பிழை அவர் பிழையைக் காட்டியது என்று பெருமைகொள்ள இடமில்லை. எதனையும் இருமுறை அளத்தல் வேண்டும் என்பதே அதன் பாடம்.

பிற எஞ்சின்களிற் சில

எல்லா எஞ்சின்களிலும் கூட்டை இவ்வாறு தனித்து மாற்ற இயலாது. 1948ஆம் ஆண்டில் வந்த ஜகுவார் எக்ஸ்கே எஞ்சினிலும், அல்பா றொமியோவின் இரட்டைக் காம்தண்டு எஞ்சினிலும் தாங்கியின் மேற்பாதி தனி மூடியாக இருக்கும். கீழ்ப்பாதியும் மூடியும் ஒருங்கே பூட்டிக் கடையப்பட்டவை. ஒரு தலையின் மூடியை வேறொரு தலைக்கு மாற்றினால் துளை வட்டமாகாது. அதனால் அவற்றுக்கு இலக்கமிட்டிருப்பர். 1963ஆம் ஆண்டிற் காட்சிக்கு வந்த போர்ஷ் 911 காரிலோ இதற்கு மறுதலையான அமைப்பு. ஒரு பக்கத்து மூன்று உருளைகளுக்கும் மூன்று தனித்தனித் தலைகள். அவற்றின் குறுக்கே ஒரே கூடு. மூன்று தலைகளும் ஒரே மட்டத்தில் நில்லாவிடின், இறுக்கும்போது கூடு வளைந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். அங்கே மட்டைக் காஸ்கெற் இல்லை. உலோகத்தின்மேல் உலோகம் பொருந்துவதால், காற்றில்லாவிடத்து உறையும் பசையே அதற்கு ஏற்றது. இரு விரற் சோதனை அங்கும் வேண்டும்.

நிறைவு

யாவும் பூட்டியபின்னும் தோழர் எஞ்சினை முடுக்கவில்லை. தண்டுகளின் புடைப்புக்கள்மேல் எண்ணெயை ஊற்றினார். பொறிக்கட்டைகளைக் கழற்றிவிட்டு, மேல்மூடிகளை இடாமலே, முடுக்கியால் எஞ்சினை மெல்லச் சுழற்றினார். யான் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தேன். முதலில் ஒன்றும் காணவில்லை. பின்னர் நடுத்தாங்கியின் ஓரத்தில் எண்ணெய் ஈரமாய் மினுங்கிற்று, அடுத்துப் பின்தாங்கியில், இறுதியாக, முன்னே இறுகிப்போன அந்த முன்தாங்கியிலும் மெல்லக் கசிந்து வந்தது. சென்ற ஆண்டு ஒரு துளியும் கசியலாகாது என்று நின்றவர், அக்கசிவைக் கண்டு விளக்கை என் கையிலிருந்து வாங்கித் தாமே பிடித்துப் பார்த்தார். அதன் பின்னரே மூடிகளை இட்டோம்.

எஞ்சின் சூடேறிக் குளிர்ந்தபின் மறுநாட் காலை இடைவெளிகள் எட்டையும் மூன்றாம் முறை அளந்து கொப்பியில் எழுதினேன். அக்கொப்பி தோழரின் கராச்சிலே தொங்குகின்றது. கார் நிற்கும் இடத்தில் மாதத்தில் ஒரு துளி, இரு துளி எண்ணெய் காணப்படுகின்றதாம். அதனைத் துடைத்துவிட்டு ஓட்டுகின்றார்.

இதனைப் படிக்கும் மாணவர் எல்லாரும் இத்தாலியக் கார்களின் எஞ்சினைக் கழற்றப்போவதில்லை. எனினும் நீர்ப்பம்பி, உழவு இயந்திரம், மோட்டார்ச் சைக்கிள் ஆகிய எதன் மூடியைத் திறப்பினும், இரண்டு பரப்புக்கள் பொருந்துமிடம் ஒன்று உங்கள் கைக்கு வரும். அப்போது பசையை எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுங்கள். அளவுகோலுக்கு முன் துடைக்கும் துணியை எடுங்கள். மையால் எழுதிய இலக்கங்கள் இருப்பின் அவற்றைக் கொப்பியிற் பிரதிசெய்துகொண்டு துடையுங்கள். எண்ணெய் போகவேண்டிய வழி எதுவெனக் கண்டு அதனைத் திறந்துவையுங்கள். ஓரத்தைப் பின்னர் அடைக்கலாம்.